யேசுரத்தினம் சாரின் சோடியம்

யேசுரத்தினம் சாருக்கு அந்தக் காலத்தில் வாய் ஓயாது. சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் அவர் ரசாயனம், நான் சரித்திரம். முப்பத்திரண்டாம் வருஷம் சென்னையிலிருந்து ஒரு புதுப் புத்தகம் வரவழைத்துப் படித்தார். அன்று முதல் அகப்பட்டவனுக்கெல்லாம் எலெக்ட்ரான் பாடம்தான். காப்பிக் கடையில் என்னையும் விடவில்லை.

"அணுவில வெளிச்சுத்துல இருக்க எலெக்ட்ரானுதான் வேய் காரியம். சோடியத்துக்கு அங்க ஒண்ணே ஒண்ணு. எப்பம் தள்ளிவிடலாம்னு நிக்கும். குளோரினுக்கு ஏழு, எட்டாக்க ஒண்ணு வேணும். இது கொடுக்கும், அது வாங்கும். கொடுத்ததுக்கு நேர்மின்சாரம், வாங்கினதுக்கு எதிர்மின்சாரம். ரெண்டும் ஒட்டிக்கிடும். அதுதான் சோத்துல போடுற உப்பு."

"சோடியம் தண்ணி பட்டா வெடிச்சு எரியும்னு சொன்னீரே, உப்பு தண்ணியில எரியலியே?" என்றேன்.

"கொடுத்துக் கழிஞ்ச சோடியம் வேற ஆளு வேய், சாது. தண்ணியோட சண்டைக்கு நிக்காது."

தண்ணீருக்குள் கொடுக்கல் வாங்கல் இல்லையாம். ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் ஆளுக்கொரு எலெக்ட்ரானைப் போட்டு, ஜோடி ஜோடியாகப் பொதுவில் வைத்திருக்கின்றனவாம். உப்பின் பிணைப்பு அயானிக், தண்ணீரின் பிணைப்பு கோவேலண்ட் என்று பேரும் சொன்னார்.

ஊருக்கெல்லாம் சொன்ன மனுஷன் பெண்டாட்டி நேசம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அதில்தான்.

ஐப்பசி மழையில் பள்ளிக்கூட அலமாரி ஒழுகியது. மண்ணெண்ணெய்க்குள் சோடியம் கிடந்த குப்பியை சார் வீட்டுக்குக் கொண்டுபோய் அடுக்களையில் வைத்தார். சர்ச்சில் வந்த அறுப்பின் பண்டிகைக்கு வீடு கழுவின நேசம்மாள், மண்ணெண்ணெயை விளக்கில் ஊற்றினாள். அடியில் கிடந்த வெளுத்த கட்டி பழைய சவுக்காரம் என்று நினைத்து வாளித் தண்ணீரில் போட்டாள். வெடித்துத் தெறித்தது முழுக்க அவள் கண்ணில்.

முன்வாசலில் பேசிக்கொண்டிருந்த நாங்கள் ஓடினோம். அடுத்த வீட்டு அன்னக்கிளி குடத்தோடு வந்துவிட்டாள். சார் குடத்தைத் தட்டிவிட்டார்.

"தண்ணி விடாதிய! பட்டா இன்னும் எரியும்!"

படித்தவர் சொல்கிறார், கேட்டோம். தேங்காயெண்ணெய் விட்டு வண்டியில் ஏற்றினோம். ஆஸ்பத்திரிக்கு இரண்டு மணி நேரம். வழியெல்லாம் அவள், "இம்புடு தண்ணி விடுங்களேன்" என்று கெஞ்சிக்கொண்டே வந்தாள்.

டாக்டர் பார்த்துவிட்டுக் கோபப்பட்டார். "வெடிச்சு முடிஞ்ச பிறகு கண்ணில கிடந்தது சுண்ணாம்பு மாதிரி வெறும் காரம். அப்பவே குடம் குடமா விட்டுக் கழுவியிருந்தா பார்வை தப்பியிருக்கும். ஏன் கழுவல்ல?"

கொடுத்துக் கழிந்த சோடியம் தண்ணீரோடு சண்டைக்கு நிற்காது என்று காப்பிக் கடையில் எனக்குச் சொன்னது சாருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

நேசம்மாள்தான் பதில் சொன்னாள். "வீட்டுல தண்ணி இல்ல, டாக்டரையா. கிணறு வத்திக் கிடக்கு."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் ஜன்னலைப் பார்த்துவிட்டு மருந்தை எடுத்தார்.

ஏழு வருஷம் ஆகிறது. சார் இப்போது பாடத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. விடிந்ததும் கிணற்றில் ஒரு குடம் கோரி அவள் கண்களைக் கழுவிவிடுகிறார். அவளும் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.