சிவப்பு உறைக்குள் ஒரு சீட்டு

ஒரு மனிதரைப் பழிவாங்குவதற்காக ஹைமந்தி மைத்தி இரண்டு பட்டங்கள் படித்தாள். கல்யாணத்தை மறுத்தாள். இருபத்தொரு வருடம் வாயைத் திறக்காமல் இருந்தாள். கல்நெஞ்சக்காரி என்று சொல்பவர்கள் எங்கள் ஹெர்பேரியம் என்ற உலர்செடிக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறார்கள். அவள் நெஞ்சு கல்லானது எந்த நாளில் என்று அவர்களுக்குத் தெரியாது.

1961இல், கொல்கத்தா ஆற்றங்கரைத் தாவரவியல் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தபோது அவளுக்கு வயது இருபத்திரண்டு. உலர்ந்த செடிகளை வெள்ளைத் தாளில் வைத்துப் பசை தடவி, தண்டுகளை நூலால் தைத்து நிறுத்தும் வேலை. தாளின் மூலையில் ஒரு விவரச்சீட்டு இருக்கும். செடியின் பெயர், எடுத்த இடம், தேதி, எடுத்தவர். அப்படி லட்சக்கணக்கான தாள்கள் பாச்சை உருண்டை வாசனையோடு இரும்பு அலமாரிகளில் உறங்குகின்றன. சில தாள்களுக்கு நூற்றைம்பது வயது. புதிதாகக் கண்டுபிடித்த செடியின் முதல் தாளுக்கு மட்டும் சிவப்பு உறை. உலகத்தின் எந்த மூலையில் அந்தச் செடியைப் பற்றிச் சந்தேகம் வந்தாலும் அந்தத் தாளைத்தான் கேட்பார்கள்.

அவள் அப்பா அக்ஷய் மைத்தியும் தோட்டத்து ஊழியர்தான். சேகரிப்புக் குழுவோடு மலைக்காடுகளுக்குப் போய் மரம் ஏறுவார். 1958இல் போன பயணத்தில் காட்டுக் காய்ச்சல் கண்டு அங்கேயே இறந்தார். உடல் வரவில்லை. கடைசியாக எழுதிய அஞ்சலட்டை மட்டும் வந்தது. 'ஒரு கொடி பார்த்தேன் மகளே. சங்கு மாதிரி வெள்ளைப் பூ, உள்ளே ஊதாக் கோடு, பலாப்பழ வாசனை. யாரும் இதுவரை பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். பூக்கும் வரை மூன்று நாள் மரத்தடியில் காத்திருந்து இறக்கினேன்.'

வேலைக்கு வந்த முதல் மாதமே, நூல் அறுந்த ஒரு சிவப்பு உறைத் தாள் அவள் மேஜைக்கு வந்தது. சங்குப் பூ. பழுப்பேறிய இதழில் இன்னும் மங்காத ஊதாக் கோடு. எடுத்தவர் என்ற இடத்தில் சசதர் லாஹிரி என்று இருந்தது. பெரிய தாவரவியலாளர், ஹெர்பேரியத்தின் தலைவர். கண்டுபிடித்த செடிக்குத் தன் பெயரையே வைத்துக்கொள்வது எங்கள் தொழிலில் மரியாதை இல்லை. அதனால் அவர் மாமனார் பெயரை வைத்திருந்தார்.

ஹைமந்தி அஞ்சலட்டையை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள். லாஹிரி லுச்சிப் பூரியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கூட மூன்று பேர்.

"ஸார், இது எங்க அப்பா எடுத்த செடி. எடுத்தவர்னு இருக்கற இடத்துல அவர் பேரையும் சேர்த்துடுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

அவர் நிமிரவே இல்லை. "உங்கப்பா மரம் ஏறினார். குரங்குகூடத்தான் ஏறுது. அதுக்கெல்லாம் பேர் எழுத ஆரம்பிச்சா தாள் பத்தாதும்மா."

மூன்று பேரும் சிரித்தார்கள். லாஹிரி தேநீர்க் குவளையை அந்த அஞ்சலட்டையின் மேலேயே வைத்தார். அவர் கடைசிச் சொட்டுவரை குடித்து முடிக்கட்டும் என்று அவள் நின்றாள். பிறகு குவளையை நகர்த்தி, ஈர வளையம் பதிந்த அட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அழுதிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும்!

கூடத்துச் சுவரில் ஒரு பெரிய புகைப்படம். புதுக் கட்டடத் திறப்பு விழா. நடு நாற்காலியில் செவ்வந்தி மாலையோடு லாஹிரி. கீழே வெள்ளை மசியில் தேதி: 14 பிப்ரவரி 1958. தினமும் எல்லோரும் அதன் அடியில்தான் நடந்தோம். ஹைமந்தியின் கால்கள் நின்றன. சற்று முன் தைத்த தாளிலும் அதே தேதி. எடுத்தவர் பெயரை மாற்றியவர் தேதியை மாற்ற மறந்திருக்கிறார். நானூறு மைலுக்கு அப்பால் மரத்திலிருந்து அப்பா கொடியை இறக்கிய அதே நாளில் லாஹிரி இங்கே மாலை போட்டு உட்கார்ந்திருக்கிறார்!

பசை காய்ச்சும் தாராபத காயேன் அந்த வழியாக வந்தான். எங்கள் ஊரில் அக்காவைத் தீதி என்பார்கள், அண்ணனைத் தாதா என்பார்கள். "என்ன தீதி, அப்படியே நிக்கறே? அது என்ன சாமி படமா?"

"ஆமா தாராபத தாதா. இனிமே தினம் கும்பிடப் போறேன்."

அப்போதே கத்தியிருக்கலாமே என்பீர்கள். கத்தியிருந்தால் மறுநாளே படம் காணாமல் போயிருக்கும். தாளில் இருப்பதை யாரும் கிழிக்கக் கூடாது, அழிக்கக் கூடாது என்பது எங்கள் சட்டம். தவறு இருந்தால், பின்னால் வருகிறவர் ஒரு சிறு சீட்டில் திருத்தத்தை எழுதி, பெயரும் தேதியும் இட்டு, பழைய சீட்டுக்குக் கீழே ஒட்டலாம். தவறும் இருக்கும், திருத்தமும் இருக்கும், காலாகாலத்துக்கும். ஆனால் அந்த உரிமை தாவரவியலாளருக்கு மட்டும்தான். செடி தைக்கிறவளுக்கு இல்லை.

அதனால் அவள் படிக்கப் போனாள். காலையில் கல்லூரி, பிறகு தையல் மேஜை. பர்தமானிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர் பெண் பார்க்க வந்தார்.

"மனுஷன் தங்கமா இருக்கார்டி. உனக்கு என்னதான் குறை?" என்று அம்மா அழுதாள்.

"எனக்கு ஒரு சீட்டு ஒட்ட வேண்டியிருக்கும்மா."

"சீட்டு வந்து உனக்குக் கஞ்சி ஊத்துமா?"

அந்த ஆசிரியர் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டார். அன்று மட்டும் ஹைமந்தி சாப்பிடவில்லை என்று அம்மா பிற்பாடு சொன்னாள்.

ஒரு முறை வெள்ளையடிப்பவர்கள் அந்தப் படத்தைக் கழற்றி மாடிப்படிக்கு அடியில் போட்டுவிட்டார்கள். ஹைமந்தி சண்டை போட்டுத் திரும்ப மாட்டவைத்தாள். கண்ணாடியைத் தினமும் தன் முந்தானையால் துடைத்தாள். லாஹிரிக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. "பாருங்க, அன்னிக்கு நான் கொஞ்சம் கடுமையாப் பேசிட்டேன். இருந்தாலும் எவ்வளவு பக்தி இந்தப் பொண்ணுக்கு!" என்றார். ஹைமந்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

1982இல் அவள் உதவித் தாவரவியலாளர் ஆனாள். அன்று மதியமே தாராபத காயேனிடம் வந்தாள்.

"பசை கொஞ்சம் கெட்டியா வேணும்."

"எவ்ளோ கெட்டியா தீதி?"

"நாம ரெண்டு பேரும் செத்தப்புறமும் பிரியக் கூடாது."

அடுத்த மாதம் லாஹிரிக்குப் பாராட்டு விழா. ஓய்வு பெற்று வெகு காலமாகியிருந்தது. சால்வை போர்த்தினார்கள், சந்தேஷ் இனிப்பு ஊட்டினார்கள். ஐயாவின் புகழ்பெற்ற கொடியை எல்லோரும் பார்க்க வேண்டும் என்று இயக்குநரிடம் யோசனை சொன்னவளே ஹைமந்திதான். சிவப்பு உறையை அவளே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள். லாஹிரி பெருமையோடு கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

'இதை எடுத்தவர் அக்ஷய் மைத்தி. மேலே குறித்த நாளில் லாஹிரி இந்த ஊரில் இருந்தார். சான்று: கூடத்துப் புகைப்படம். ஹைமந்தி மைத்தி, 1982.'

இயக்குநர் எட்டிப் படித்தார். பிறகு நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. கடைசியில் கூடம் முழுவதும் அந்த மாலையையும் அந்தத் தேதியையும் பார்த்துக்கொண்டிருந்தது.

"கிழிங்க அதை! யாரைக் கேட்டு ஒட்டினா இவ?" லாஹிரி தாளை நோக்கிக் கையை நீட்டினார்.

பின்வரிசையிலிருந்து தாராபத காயேன் சொன்னான்: "தாள்ல எதையும் கிழிக்கக் கூடாதுன்னு எழுதி மாட்டினதே நீங்கதானே ஸார். இதோ, எனக்குப் பின்னாடி தொங்குது."

அப்போது ஹைமந்தி சிரித்தாள். நல்ல சிரிப்பு என்று சொல்ல மாட்டேன்.

எட்டு நாள் கழித்துக் கிழவர் தனியாக, கைத்தடியோடு வந்தார். அவள் மேஜைக்கு எதிரே நின்றார்.

"ஹைமந்தி, நான் இன்னும் எத்தனை நாள் இருக்கப் போறேன்? என் பேரப்பிள்ளைங்க படிக்கற துறைம்மா இது. ஏதாவது வழி சொல்லு."

எங்களுக்கே மனம் இளகியது. அவள் மெதுவாக இழுப்பறையைத் திறந்து ஒரு வெற்றுச் சீட்டையும் பேனாவையும் அவர் முன் வைத்தாள்.

"நீங்களும் தாவரவியலாளர்தானே ஸார். என் சீட்டுக்குக் கீழே இடம் இருக்கு. நான் எழுதினது பொய்னா பொய்னு எழுதுங்க. நிஜம்னா நிஜம்னு எழுதுங்க. எதுவானாலும் நானே ஒட்டறேன்."

அவர் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார், மூடினார். பிறகு சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "நாளைக்கு எழுதிக் கொண்டுவரேன்" என்றார். வரவில்லை. மூன்று மாதத்தில் இறந்துபோனார்.

சில வருடங்களுக்குப் பிறகு அந்தக் கொடியின் பெயரை மாற்ற வேண்டி வந்தது. புதிதாக வந்த ஒரு பெண் தன் சீட்டை எடுத்து வந்தாள். ஹைமந்தி தன் சீட்டுக்குக் கீழே மூன்று விரல் அளந்து காட்டினாள்.

"இதுக்குக் கீழே ஒட்டு. இந்த இடத்தை விட்டுடு."

"யாருக்காக தீதி?"

"லாஹிரி ஸாருக்கு."

"அவர்தான் போய்ச் சேர்ந்துட்டாரே!"

"போகட்டும். அவர் எழுதலைங்கறதை எல்லாரும் பார்க்கணும்."