சாருக்கும் பாடாம்

மூன்று வருடங்களுக்கு முன், பொங்கல் கழிந்த இரண்டாவது வாரம். பழவேற்காடு ஏரிக்கரையில், படகு இன்ஜின் பழுதுபார்க்கும் பட்டறைக்கு இரும்பு ஷெட் போட்டுக்கொண்டிருந்தோம். நான் சைட் சூப்பர்வைசர். ஊர் கரூர் பக்கம். அந்த ஏரியை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன்.

இரண்டு தூண், மேலே உத்திரம், எல்லாம் சேர்ந்து ஒரு சட்டம். அதை கிரேன் தூக்கி நிறுத்தும். அடுத்த சட்டம் நின்று இரண்டையும் இணைக்கும்வரை முதல் சட்டம் கயிற்றை நம்பித்தான் நிற்கும். கயிறு பிடிக்க, பக்கத்து ஊரான பசியாவரத்து மீனவர்கள் ஆறு பேரை அமர்த்தியிருந்தோம்.

முதல் சட்டம் நிறுத்துவதற்கு முந்தின நாள், அவர்களுக்குத் தலைவர் போலிருந்தவர் வந்தார். என் வயதுதான் இருக்கும். "நாளைக்கு எங்களுக்கு பாடு சார், வர மாட்டோம்" என்றார்.

பாடு என்றால் எனக்குத் தெரிந்தது கஷ்டம்தான். வீட்டில் ஏதோ பிரச்சினை என்று எடுத்துக்கொண்டேன். கிரேன் மறுநாள் ஒருநாள்தான் கிடைக்கும். "எனக்கும் பாடுதாங்க. காலைல வந்துடுங்க" என்றேன்.

பின்னாலிருந்து ஒருவர், "சாருக்கும் பாடாம்பா. வலை எங்க வெச்சிருக்காருன்னு கேளு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதைச் சம்மதம் என்று நினைத்துக்கொண்டு நான் போய்விட்டேன்.

மறுநாள் கிரேன் வந்தது, அவர்கள் வரவில்லை. மணலில் இரும்பு முளைகளை அடித்து, கயிற்றை அவற்றில் கட்டச் சொன்னேன். சட்டம் நின்றது. எங்கள் ஃபிட்டர் மேலேறி கிரேன் கொக்கியைக் கழற்றினார். இரண்டாவது சட்டத்தை எடுக்கத் திரும்பிய கிரேனின் சக்கரம் மணலில் புதைந்தது. அந்த நேரம் பார்த்துக் கடல்காற்று எழும்பியது. ஏரிப்பக்கத்து முளை பிடுங்கிக்கொண்டது. சட்டம் ஒருபக்கம் சாய்ந்து, மெதுவாகத் திரும்பி வந்தது. ஃபிட்டர் உத்திரத்தைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டார். ஏணி ஏழெட்டு அடி தூரம். அவரால் நகர முடியவில்லை.

நானும் இரண்டு ஹெல்பர்களும் கயிற்றைப் பிடித்தோம். அது எங்களை இழுத்துக்கொண்டு போனது.

ஏரியில் வலை கட்டிக்கொண்டிருந்த இரண்டு படகுகள், சட்டம் ஆடுவதைப் பார்த்து, வேலையைப் பாதியில் விட்டுவிட்டுக் கரைக்கு வந்துகொண்டிருந்தன. அதே ஆறு பேர். இடுப்பளவுத் தண்ணீரில் குதித்து ஓடிவந்து கயிற்றைப் பற்றினார்கள். "இன்னா சார், மணல்ல முளை நிக்குமா?" என்றபடி ஒருவர் படகு நங்கூரத்தைக் கொண்டுவந்து ஆழமாகப் புதைத்தார். காற்று தள்ளும்போது பின்னால் சாய்ந்து நின்றார்கள், தளரும்போது கயிற்றை இழுத்து வாங்கினார்கள். ஆட்டம் நின்றது. ஃபிட்டர் இறங்கிவந்து மணலில் உட்கார்ந்தார்.

கிரேனை மணலிலிருந்து மீட்டு, இரண்டாவது சட்டத்தை நிறுத்தி, இரண்டையும் இணைத்து முடிக்க மூன்று மணி நேரம் ஆனது. அதுவரை அவர்கள் போகவில்லை.

"வீட்டுல பிரச்சினை தீர்ந்துச்சாங்க?" என்று முந்தின நாள் வந்து சொன்னவரிடம் கேட்டேன்.

"வீட்டுல இன்னா பிரச்சினை? பாடுன்னா ஏரில ஒரு எடத்துல வலை போடற மொற சார். ஊர்ல சீட்டு குலுக்கிப் போட்டுத்தான் வரும். இன்னிக்கு எங்குளுது. நேத்தே சொன்னேன். நீ இன்னான்னா, உனக்கும் பாடுதான்னுட்டுப் போயிட்ட."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதற்குள் நீரோட்டம் மாறிவிட்டிருந்தது, இனி வலை கட்டினாலும் மீன் விழாது. பாதி கட்டிய வலையை அவிழ்த்து எடுத்துக்கொண்டு, மீனில்லாத படகுகளில் போனார்கள். மறுநாள் அந்த இடம் வேறு ஆட்களுக்கு. இவர்கள் முறை திரும்பி வரப் பல நாளாகும்.

பாடு என்றால் என்ன என்று கேட்டிருக்க அரை நிமிடம் போதும். அதைக் கேட்காமல் போனதால் எனக்கு எந்த நஷ்டமும் இல்லை, நஷ்டம் முழுக்க அவர்களுக்குத்தான் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.