மூன்று பெட்டிகளுக்கு ஒரு பெயர்

எட்டு வருடம் பிள்ளைகளோடு வீட்டில் இருந்துவிட்டு மறுபடியும் வேலை தேடியபோது, என்னைக் கூப்பிட்டது ஒரே ஓர் இடம்தான். செடெனாக் என்ற ஊரில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை. கம்ப்யூட்டர் பிரிவில் ஆறு மாதம் பார்ப்போம், பிடித்தால் நிரந்தரம் என்றார்கள். ஆறாவது மாதத்தின் கடைசி வாரத்தில் நான் என் வேலையைக் காட்டினேன்.

பிரிவில் என்னோடு சேர்த்து இரண்டே பேர். மற்றவர் ஸ்கூடாயிலிருந்து வரும் அண்ணன். எதையும் நிதானமாகத்தான் செய்வார். கண்ணில் பட்ட பொருளுக்கெல்லாம் டேப் ஒட்டி, அதில் தமிழில் பெயர் எழுதி வைப்பார். நானோ காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நிற்கிற ரகம். அவருடைய நிதானத்தைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

தொழிற்சாலையின் கணினிக் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டிக்கு சுவிட்ச் என்று பெயர். எங்களிடம் இரண்டு இருந்தன. பின்பக்கம் தடித்த கேபிளால் பிணைத்து, இரண்டையும் ஒரே பெட்டிபோல வேலை செய்ய வைத்திருந்தோம். அப்படிப் பிணைத்தால் ஒன்று தலைமை ஏற்கும், மற்றது அது சொன்னபடி நடக்கும். தலைமைப் பெட்டியை அண்ணன் மண்டோர் என்பார். தோட்டத்தில் ஆட்களை மேய்க்கிறவருக்கு உள்ள பேர் அது. அன்று காலை, இன்னொரு கிளையிலிருந்து வந்த பழைய பெட்டி ஒன்றை மூன்றாவதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. அதில் இருந்ததை எல்லாம் நான் ஏற்கெனவே அழித்திருந்தேன்.

"கரண்ட்ட அடைச்சிட்டு சொருகுமா. அது அங்க மண்டோரா இருந்த பெட்டி," என்றார் அண்ணன்.

"தெரியும்ணே," என்றேன். அவர் தேத்தண்ணி குடிக்கப் போனதும், பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே கேபிளைச் சொருகினேன்.

என்ன அழித்தாலும், யார் மண்டோர் என்று முடிவு செய்யும் எண் மட்டும் பெட்டிக்குள் தங்கிவிடும். புதிதாகச் சேர்ந்த பெட்டியில் அந்த எண் பெரிது. அது தலைமையைப் பிடித்துக்கொண்டது. எங்கள் இரண்டு பெட்டிகளும் அணைந்து எழுந்து, அதனிடமிருந்த வெறுமையை அப்படியே வாங்கிக்கொண்டன. தொழிற்சாலை முழுக்க கம்ப்யூட்டர் லைன் போய்விட்டது. சரக்குச் சீட்டு அச்சாகாமல் லாரிகள் வாசலில் வரிசைகட்டி நின்றன.

எங்கள் மேலாளர் வந்தார். மலாய்க்காரப் பெண்மணி, புவான் என்று கூப்பிடுவோம். என் நிரந்தரக் கடிதத்தில் வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான்.

"சியாப்பா புவாட்?" என்றார். யார் செய்தது?

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அண்ணனின் குரல் வந்தது. "கமி, புவான்."

கமி என்றால் நாங்கள். கேபிளைத் தொடக்கூட இல்லாத மனிதர், என் தப்புக்குள் தானாக வந்து நின்றுகொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. "சாயா, புவான்," என்றேன். நான்தான். அவர் சொல்லியும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

புவான் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "தாப்பா. கித்தா பெத்துல்கான்," என்றார். பரவாயில்லை, சரிசெய்வோம் என்று அர்த்தம். கித்தா என்றால் நாம். கமியைப்போல அது கேட்கிறவரை வெளியே நிறுத்தாது. சொல்லிவிட்டு வாசலுக்குப் போய், சீட்டுகளைக் கையால் எழுத ஆள்களை உட்காரவைத்து, தானும் ஒரு கட்டுச் சீட்டை எடுத்துக்கொண்டார்.

அண்ணன் காலையிலேயே எங்கள் இரண்டு பெட்டிகளின் அமைப்புகளையும் நகல் எடுத்து வைத்திருந்தார். என்னிடம் சொல்லவில்லை. கரண்டை அடைத்து, எண்ணை மாற்றி, ஒவ்வொன்றாக எழுப்பினோம். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே லைன் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை புவான் கையெழுத்துப் போட்டார். கமி, கித்தா என்ற அந்த இரண்டு சொற்களுக்கும் நான் இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன்.

மூன்று பெட்டிகளும் ஒன்றாகிவிட்டால் அவற்றுக்கு ஒரே பெயர்தான். பெட்டிகளை எழுப்பிய அன்றே, அந்தப் பெயரைக் கேட்டு நின்ற திரையில் கித்தா என்று அடித்தேன். மறுநாள் பெட்டியின்மேல் டேப் ஒட்டி, அண்ணன் அதையே தமிழில் எழுதியிருந்தார். எங்கள் ஊர்த் தமிழில் கித்தா என்றால் ரப்பர்.

"என்னாண்ணே, ரப்பர் மரமா இது?" என்றேன்.

"இருக்கட்டும்லா. இழுத்தாலும் அறாது."

மூன்று வருடமாகிறது. நான் அங்கேதான் இருக்கிறேன்.