மேற்குச் சுவரோரத் தறிகள்

கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆலையில் மூன்று வருடம் உற்பத்தித் திட்டம் போடும் வேலையில் இருந்துவிட்டு அருப்புக்கோட்டைக்குத் திரும்பினேன். பெரியப்பாவின் கூடத்தில் இருபத்துநாலு விசைத்தறிகள். எந்தத் தறியில் எந்தப் பாவு நூலை ஏற்றுவது, அது முடிந்ததும் அடுத்து எது என்பதை அதுவரை முடிவு செய்துகொண்டிருந்தவர் மேஸ்திரி. ஐம்பது வயதுக்காரர். எல்லாம் அவர் தலைக்குள்ளேயே இருந்தது, எழுதி வைக்கும் பழக்கமில்லை. ஆர்டர்கள் தாமதமாகிக்கொண்டே போனதால் பெரியப்பா அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்.

எல்லாரும் பார்க்கக் கொடுத்ததுதான் வினை. "இனிமே பாப்பா சொல்றபடிதான்" என்றார். மேஸ்திரி தலையாட்டினார். அன்றுவரை என்னைப் பாப்பா என்று கூப்பிட்டவர் மறுநாளிலிருந்து மேடம் என்றார். அதில் மரியாதை ஒரு சொட்டும் இல்லை.

எனக்கும் அவரைப் பிடிக்கவில்லை. துண்டு ஓடும் தறியைச் சேலைக்கு மாற்ற எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். அது தறியைப் பொறுத்தது என்றார். எந்தத் தறி என்று கேட்டேன், எண்ணெய்க் கேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு நான் அவரிடம் எதையும் கேட்கவில்லை. செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு வாரம் நானே ஒவ்வொரு தறியாக நின்று கணக்கெடுத்தேன். ரகம் மாறும்போதெல்லாம் ஒரு தறி அரை நாள் சும்மா நின்றது. அவரோ சேலைத் தறிகளையும் துண்டுத் தறிகளையும் மாற்றி மாற்றிப் போட்டிருந்தார்.

என் திட்டம் எளிது. சில தறிகளில் சேலை மட்டும், மற்றவற்றில் துண்டு மட்டும். மாற்றுகிற வேலையே குறைந்துவிடும். மேற்குச் சுவரோரம் இருந்த நான்கு தறிகளில் பாவு முடியும் தறுவாயில் இருந்தது. அந்த நான்கிலும் சன்ன நூல் சேலை என்று போட்டேன். தாளைச் சுவரில் ஒட்டியதும் மேஸ்திரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முழுவதும் படித்தார். "சரிங்க மேடம்" என்றார். அவ்வளவு சுலபமாகச் சம்மதித்ததில் நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

அந்த நான்கு தறிகளையும் ஓட்டியவர் திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஓர் அக்கா. மூன்றாம் நாளிலிருந்து அவருடைய தறிகள் நின்று நின்று ஓடின. அறுந்த ஓர் இழையை முடிச்சுப் போடுவதற்குள் அடுத்த தறியில் இழை அறுந்தது. தண்ணீர் குடிக்க, ஒதுங்க, எதற்கும் அவரால் நகர முடியவில்லை. சோற்றை நின்றுகொண்டே அள்ளிப் போட்டுக்கொண்டார். எனக்கு அவர் மந்தமானவராகத் தெரிந்தார். தறிகள் நின்ற நேரத்தை அவர் பெயருக்கு நேரே சிவப்பு மையில் எழுதித் திட்டத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.

இரண்டாவது சனிக்கிழமை தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டு, சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனவர், திங்கட்கிழமை வரவில்லை.

பக்கத்துத் தறி ஓட்டுபவர் அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். ஆடிக் காற்று மேற்கு ஜன்னல் வழியாகக் காய்ந்துபோய் வருமாம். அதில் சன்ன நூல் நிற்காதாம். காற்று ஓயும்வரை மேஸ்திரி அந்தப் பக்கம் துண்டைத் தவிர எதையும் ஏற்றமாட்டாராம்.

நேராக மேஸ்திரியிடம் போனேன். "தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

அவர் கையைக் கழிவுப் பஞ்சில் துடைத்துக்கொண்டார். "நீங்க கேக்கலியே, மேடம்."

அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். அவர் குரல் உயரவே இல்லை. ஒரு பொம்பளையை இரண்டு வாரம் வதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தீர்களே என்றேன். "செவப்பு மையில எழுதுனது நான் இல்லியே, மேடம்" என்றார்.

மறுநாள் அந்த அக்காவின் ஊருக்குப் பஸ் ஏறினேன். வீட்டு முன்னால் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் வாங்க என்று சொல்லவில்லை. தப்பு என்னுடையது, தாளைக் கிழித்துவிட்டேன், கிழக்குப் பக்கம் துண்டுத் தறி தருகிறேன் என்று நின்றபடியே சொல்லி முடித்தேன். கயிற்றை இறுக்கி முடிந்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"ஒங்களுக்கும் அவுகளுக்கும் ஆகல. அதுக்கு என் நாலு தறிதான் கெடச்சுச்சா?"

"இனிமே அப்பிடி நடக்காதுக்கா."

"எம்பேர எழுதிச் செவுத்துல ஒட்டுனீங்க. எங்கூரு ஆளுக ரெண்டு பேரு அங்க வேல பாக்குறாக. ஊரெல்லாம் தெரிஞ்சுபோச்சு. நான் வரமாட்டேன், நீங்க போங்க."

உள்ளே போய்விட்டார். அடுத்த பஸ் வரும்வரை சாலையோரம் கருவேல மரத்தடியில் நின்றேன். அழுகை வந்தது, அதைவிட அதிகமாக மேஸ்திரிமேல் ஆத்திரம் வந்தது. என்மேல் வந்திருக்க வேண்டிய அளவு வரவில்லை என்பது இப்போது தெரிகிறது.

திட்டத்தை மாற்றினேன். காற்றுக் காலத்தில் மேற்கே துண்டு மட்டும். சேலை ஓடும் தறி ஒருவருக்கு இரண்டுக்கு மேல் கிடையாது. ரகம் மாற்றும் வேலை கொஞ்சம் கூடியது, ஆனாலும் ஆர்டர்கள் நாள் தவறாமல் போகின்றன. பெரியப்பா வருகிறவர்களிடமெல்லாம் என்னைப் பற்றிப் பெருமை பேசுகிறார். அந்த நான்கு தறிகளை இப்போது வேறொருவர் ஓட்டுகிறார்.

தாளை ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு வாரமும் அதை மேஸ்திரியிடம் நீட்டி, இதில் எது ஓடாது என்று கேட்கிறேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் ஓரிடத்தில் விரலை வைப்பார். காரணம் சொல்லமாட்டார், நானேதான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலும் அவர் விரல் வைத்தது சரியாகவே இருக்கும். அவர் கணிப்பு தப்பாகப் போகிற வாரங்களில் அதை எல்லார் முன்னாலும் அவரிடம் சொல்லிவிடுகிறேன்.