அலமாரியில் பூட்டிய பாட்டில்

என் அக்காள் கணவர் பூட்டுத் திறப்பவர். சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பவர்களுக்கெல்லாம் அவர்தான் ஆபத்பாந்தவர். மெல்லிய கம்பியை நுழைப்பார், காதைச் சாய்ப்பார், கதவு திறந்துவிடும். அவரிடம் வாயைக் கொடுத்தால் மட்டும் மீள்வது கஷ்டம்.

அவர் குடியை விட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. குடியை விட்டவர்கள் வாராவாரம் கூடிப் பேசும் கூட்டத்துக்குப் போவார். 'குடிக்கு முன்னால் என் பலம் செல்லாது' என்று அங்கே ஒவ்வொருவரும் எழுந்து சொல்வார்கள். மாமா சொல்ல மாட்டார். "நான் என்ன கையாலாகாதவனா?" என்று சிலிர்த்துக்கொள்வார்.

அந்த வீம்பில்தான் ஒரு முழு பாட்டிலை வாங்கிவந்து, அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை அக்காவிடம் கொடுத்தார். "பாத்தியா மச்சான், வீட்டுக்குள்ளயே இருக்கு. தொடறேனா பாரு!"

ஊர்ப் பூட்டையெல்லாம் திறக்கிற மனுஷனிடமிருந்து பாட்டிலைக் காப்பாற்ற ஒரு பூட்டு! எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவுக்கு வரவில்லை.

ஒரு மதியம், கதவைக் கீறிவிட்டதாக யாரோ வாடிக்கையாளர் கன்னாபின்னாவென்று திட்டியிருக்கிறார். மாமா நேராக வீட்டுக்கு வந்துவிட்டார். துணிக்கடை வேலை முடிந்து அக்கா திரும்பியபோது பாட்டில் காலி. சாவி அவள் கைப்பையில்தான் இருந்தது.

"வந்து என்னைக் கூட்டிட்டுப் போடா" என்று மறுநாள் காலை போன் செய்தாள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கத்தான் போனேன். மாமா சமையலறைத் தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கியிருந்தது. பார்த்ததும் கேட்க வந்ததை விழுங்கிவிட்டேன். கோபம் மட்டும் குறையவில்லை.

அக்கா பெட்டியோடு சமையலறை வாசலில் நின்றாள். "இனிமே தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க. நான் இருக்கேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சத்தியம் செய்வது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. இவளும் ஒவ்வொரு தடவையும் நம்பித் தொலைப்பாள்.

"பண்ண மாட்டேன்" என்றார் மாமா.

அக்கா திடுக்கிட்டுப் பார்த்தாள்.

"பண்ணினா காப்பாத்த முடியாதும்மா. நேத்து வேண்டாம் வேண்டாம்னு சொல்லிக்கிட்டேதான் பூட்டைத் திறந்தேன். கை கேக்கல. அது என்னைவிடப் பெருசு. என்னால முடியல." அழுதார். சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இன்னிக்குக் கூட்டம் இருக்கு. போற வழியில கடை. அதைத் தாண்டிப் போவேனான்னு எனக்கே தெரியல. கூட வர்றியா?"

இத்தனை வருஷத்தில் அவர் பேசியதில் நான் நம்பிய முதல் பேச்சு அது. சத்தியமாக வெட்கமாக இருந்தது, எனக்கு.

அக்கா பெட்டியை என் பக்கம் தள்ளினாள்.

"இது இப்படியே இருக்கட்டும். பிரிக்காத" என்றாள். அவரைப் பார்த்து, "எந்திரிங்க. முகத்தைக் கழுவிட்டு வாங்க. நேரமாகுது" என்றாள்.