துண்டுக்கடியில் தேர்ந்தெடுத்த மேனேஜர்

நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் அதை வைத்து என்னை மடக்க வேண்டாம். படிக்காமல் நான் செய்தவற்றைக் கேளுங்கள். வேப்பனப்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு துணிப்பையோடு ஓசூருக்கு வந்தவன், பாகலூர் சாலையில் நான்கு லேத் ஓடும் பட்டறை கட்டினேன். என் கையெழுத்தைப் பார்த்துச் சிரித்த பாங்கிக்காரரின் கிளைக்கே பிறகு ஜன்னல் கிரில் செய்து மாட்டினேன். தண்ணீர் வரவே வராது என்று எல்லோரும் சொன்ன இடத்தில் போர் போட்டேன், வந்தது. மாடி வீடு கட்டினேன். பிள்ளைகளைக் காலேஜுக்கு அனுப்பினேன். இதெல்லாம் மற்றவர்களும் செய்திருக்கலாம். கல்லும் கள்ளியுமாகக் கிடந்த பொட்டலைச் சமப்படுத்திக் கால்பந்து மைதானம் ஆக்கியது மட்டும் நான் ஒருத்தன்.

பந்து உருண்டையாக இருக்கும் என்பதற்கு மேல் அந்த ஆட்டத்தைப் பற்றி அன்று எனக்கு ஒன்றும் தெரியாது. பட்டறை ஆட்கள் ஞாயிற்றுக்கிழமையானால் எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்குப் போய்க் குடித்துவிட்டு, திங்கட்கிழமை லேத் முன்னால் கை நடுங்கி நின்றார்கள். அதை நிறுத்தத்தான் மைதானம். இரண்டு கோல் கம்பங்களும் பழைய போர் பைப்பில் என் கையால் பற்றவைத்தவை. அவற்றில் மோதி உடைந்த மூக்குகள் உண்டு. கம்பம் உடைந்ததில்லை. ஓரத்தில் தகடு போட்ட கொட்டகையும் என்னுடையதுதான்.

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஆடுகிறவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறவர்கள். ஆட்டத்தன்று அவனுடைய ஷிப்டை வேறு ஒருத்தன் போய்ப் பார்த்தால்தான் அவன் மைதானத்துக்கு வர முடியும். அப்படித் தன் லீவு நாளைக் கொடுத்து மிஷின் முன்னால் நிற்கிறவனைத்தான் நாங்கள் ரசிகன் என்போம். சும்மா வந்து கை தட்டுகிறவன் வேடிக்கை பார்க்கிறவன், அவ்வளவுதான். ஆகவே எங்கள் கிளப்புக்கு யார் மேனேஜர் என்பதை ரசிகர்கள்தான் முடிவு செய்வார்கள். யாரை ஆடவிடுவது, யாரை உட்காரவைப்பது, யாருக்காக எந்த சூப்பர்வைசரிடம் பேசுவது எல்லாமே மேனேஜர் பொறுப்பு.

இருந்த மேனேஜரை அவருடைய கம்பெனி புனேவுக்கு மாற்றிவிட்டது. கிருஷ்ணகிரி கோப்பைக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, கொட்டகையில் ரசிகர்கள் கூட்டம். போண்டாவும் டீயும் என் செலவு. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். ஏன் என்று மறைக்காமல் சொல்கிறேன். பட்டறையில் இப்போது மகன் உட்கார்ந்திருக்கிறான். கணக்கு மருமகள் கையில். ஆர்டர் எடுப்பது முதல் ஆள் சேர்ப்பது வரை எதையும் என்னிடம் யாரும் கேட்பதில்லை. நான் சொன்னால் நடக்கிற இடம் என்று ஒன்றாவது எனக்கு மிச்சம் வேண்டியிருந்தது. மேனேஜர் பதவியை அவர்களே என்னிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள் என்று நம்பிப் போனேன்.

பேச்சு ஆரம்பித்தது.

"டிரில் மாஸ்டரத்தான் போடணும். ரிட்டையர் ஆயிட்டா என்ன? அவரு விசில் ஊதுனா ஊரே நிக்கும்," என்றார் ரோஜாத் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருக்கும் தெலுங்குக்காரர்.

"நிக்கும்ணா. நம்ம பசங்களும் சேந்து நின்னுருவாங்க. அவங்க ஓடணும் இல்ல?" என்றான் அத்திப்பள்ளியிலிருந்து வருகிற கன்னடப் பையன். "மாஸ்டர் பேடா குரு, வேணாம். அவருக்கு ஆஃப்சைடே தெரியாது."

"உனக்குத் தெரியுமாடா?"

"எனக்கும் கொத்தில்ல. நான் என்ன மேனேஜருக்கா நிக்கறேன்?"

சிரிப்பு அடங்குவதற்குள் என் பழைய கூட்டாளி எழுந்தான். பவர் பிரஸ்ஸில் வலது கையில் இரண்டு விரலைக் கொடுத்தவன். அவனும் நானும் ஒரே வாடகை அறையில் படுத்து எழுந்தவர்கள். என் பெயரைச் சொல்லப்போகிறான் என்று நான் துண்டைச் சரிசெய்துகொண்டேன்.

"அந்தத் தூத்துக்குடிப் பொண்ணு எப்புடி?" என்றான்.

எனக்கு டீ புரை ஏறியது.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். செல்போன் கம்பெனியில் லைனில் வேலை, ஹாஸ்டலில் வாசம். கடற்கரை ஊர், மாதா கோயில் குடும்பம். அங்கே பிள்ளைகள் நடப்பதற்கு முன்னாலேயே பந்தை உதைக்குமாம். அவளும் தன் ஜில்லாவுக்கு ஆடியவள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராக மைதானத்துக்கு வந்து, ஸ்கூட்டியில் உட்கார்ந்தபடியே எங்கள் ஆட்களைத் திட்டுவாள். அவளுடைய கம்பெனியிலேயே எங்கள் கோல் கீப்பரும் இருக்கிறான். தன் லீவு நாளில் பலமுறை அவன் ஷிப்டில் நின்றவள், ஆகையால் ரசிகை. ஒருமுறை எதிர் டீம்காரன் ஒருத்தன் எங்கள் இடது பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போனபோது, எங்கள் ஆளைக் கூப்பிட்டு, "அண்ணே, பந்தப் பாக்காதிய. அவன் இடுப்பப் பாருங்க. இடுப்பு போற பக்கந்தான் அவன் போவான்," என்று கத்தினாள். அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கம் தாண்டவில்லை. அது நடந்ததுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை.

"பொம்பளப் புள்ள சொல்லி பதினோரு ஆம்பளைங்க கேப்பாங்களா?" என்றேன்.

கூட்டாளி என்னைத் திரும்பிப் பார்த்தான். "உன் பட்டறையில கணக்கு யாரு பாக்கறது? மருமவ. நீ வாயத் தொறக்கறியா?"

கொட்டகை அதிர்ந்தது. கொட்டகை வாசலில் ஸ்கூட்டியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அவளும் சிரித்தாள். அப்புறம் யாரோ ஒருத்தன், கல்யாண வீட்டில் வயசானவருக்கு நாற்காலி இழுத்துப் போடுகிற மாதிரி, "நம்ம பெரியவரு கூட இருக்காரே," என்றான்.

"மாமாதான் கிளப்புக்கே அப்பா. அப்பாவப் போயி எதுக்கு மேனேஜர் ஆக்கிகினு?" என்றான் இன்னொருத்தன். மரியாதையாகத்தான் சொன்னான். எனக்கு எங்கே வலித்தது என்பது எனக்குத்தான் தெரியும்.

ஆக மூன்று பேர் ஆயிற்று. சத்தம் ஏறியது. ஒரே லைனில் பக்கத்துப் பக்கத்தில் வேலை செய்கிற இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். கை தூக்கச் சொல்லலாம் என்றால், யார் முன்னால் யார் தூக்குவது? வாட்ஸ்அப்பில் ஓட்டுப் போடலாம் என்றான் கன்னடப் பையன். "யாரு யாருக்குப் போட்டாங்கன்னு அதுல பேரோட தெரியும்டா. நாளைக்கி ஒரே பஸ்ஸுல வேலைக்குப் போவ வேணாவா?" என்று அதையும் அடக்கினார்கள்.

நான் எழுந்தேன். லேத்துக்கு முன்னால் நான் குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாட்டுத் தரகு பார்த்தவன். அங்கே விலையை யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். தரகன் கையும் மாடு வாங்குகிறவன் கையும் துண்டுக்கடியில் சேரும். எத்தனை விரலைப் பிடித்து அழுத்துகிறான் என்பதுதான் விலை. பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கூடத் தெரியாது.

"வரிசையா வாங்க," என்றேன். "மாஸ்டருன்னா என் கையில ஒரு விரலப் புடிங்க. அந்தப் பொண்ணுன்னா ரெண்டு விரலு. நானுன்னா முழுக் கை. யாரு என்ன புடிச்சாங்கன்னு என் வாயில வராது."

எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. சந்தை ஒழுக்கப்படி இங்கேயும் நான் பெயர் எதையும் எழுதப்போவதில்லை. வெளியே வந்தது எல்லாம் அவரவர் வாயால் பிறகு ஒத்துக்கொண்டதுதான்.

முதல் கை வந்தது. இரண்டு விரல்.

சரி, சின்ன வயசுக்காரன், போகட்டும் என்று விட்டேன். அடுத்த கை. இரண்டு விரல். அதற்கு அடுத்து வந்தவன் என் முகத்தைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பெரியவரு இல்லாம கிளப்பு ஏது?" என்று சொல்லிக்கொண்டே துண்டுக்கடியில் என் இரண்டு விரலை நெரித்தான். நான் திகைத்துப்போய் அவன் முகத்தையே பார்த்தேன். அதில் அன்புதான் இருந்தது. சந்தையில் வாய் ஒரு விலையும் கை ஒரு விலையும் சொல்வதைப் பார்த்தே வயிறு வளர்த்தவன் நான். அது என் துண்டுக்குள்ளேயே எனக்கு நடக்கும் என்று நினைத்ததில்லை.

தெலுங்குக்காரர் மட்டும் வாயால் சொன்னபடியே ஒரு விரலைப் பிடித்தார். மனிதர். பிறகு மீண்டும் இரண்டு விரல், இரண்டு விரல். கூட்டாளி வந்தான். மிச்சம் இருக்கிற மூன்று விரலால் என் இரண்டு விரலைச் சுற்றிப் பிடித்தான், நட்டு முடுக்குகிற மாதிரி. அவன் கண்ணைப் பார்க்கவில்லை நான். அவனுக்குப் பின்னால் என் மகன், பட்டறைப் பையனுக்காக லேத்தில் நின்ற ரசிகன். அவன் கையைக் கண்ணை மூடிக்கொண்டே நான் அடையாளம் சொல்வேன், நடக்கக் கற்றுக்கொடுத்த கை. அதுவும் இரண்டு விரல்தான்.

கடைசியில் அவள் வந்தாள். "நானும் போடலாமா ஐயா?" என்றாள். ரசிகைக்கு உரிமை உண்டே. கையைத் துண்டுக்குள் விட்டாள். சின்னக் கை. என் உள்ளங்கையைச் சுற்றிப் பிடிக்கப் பார்த்து, பத்தாமல், இன்னொரு கையையும் உள்ளே கொண்டுவந்து இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினாள். முழுக் கை.

அந்தக் கொட்டகையில் எனக்கு விழுந்தது அந்த ஒன்றுதான்.

எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யோசித்துப் பாருங்கள். யார் எதைப் பிடித்தான் என்பது எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். நான் என் பெயரைச் சொல்லியிருந்தால் கேட்க ஆள் இல்லை. ஒவ்வொருத்தனும் தான் மட்டும் மாற்றிப் பிடித்ததாக நினைத்துக்கொண்டு கை தட்டியிருப்பான். அந்த ஆண்டவனே வந்து கேட்டாலும் துண்டு பேசாது. நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் தரகன் ஒருமுறை துண்டுக்கடியில் பொய் சொன்னால் அவன் கை சாகும் வரை பொய்க் கைதான். என் கையால் எத்தனை பொருள் செய்து மாட்டியிருக்கிறேன் இந்த ஊரில்!

துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டேன். "அந்தப் பொண்ணுதான்," என்றேன். "ஏறக்குறைய எல்லாக் கையும்."

நான் எதிர்பார்த்தது கைதட்டல். அங்கே ஒருத்தனும் கையை அசைக்கவில்லை. தான் ஒருத்தன்தான் பெரியவருக்குத் துரோகம் செய்ததாக ஒவ்வொருத்தனும் நினைத்திருக்கிறான். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என்னைப் பார்க்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

"நானா?" என்று கத்தினாள் அவள். "ஏன் ஐயா, நான் ஒங்களுக்குல்லா அழுத்துனேன்!"

இப்படித்தான் அவள் ரகசியம் அவள் வாயாலேயே உடைந்தது. கூட்டம் சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் கலைந்த பிறகு அவளைத் தனியாகக் கேட்டேன், எனக்கு ஏன் அழுத்தினாய் என்று. கிரவுண்டு போட்ட மனுஷன் என்று ஏதாவது சொல்வாள் என எதிர்பார்த்தேன்.

"நீங்க மேனேஜரா இருந்தா சூப்பர்வைசருகிட்ட கெஞ்சுத வேல ஒங்களுக்கு. நான் பின்னால நின்னு ஆட்டத்தப் பாத்துக்கிடலாம்னு நெனச்சேன்," என்றாள். "இப்ப ரெண்டும் என் தலையில."

விழுந்த ஒரே கைக்கும் இதுதான் காரணம். அன்று நான் வாங்கிய அதிர்ச்சிகளில் எது பெரியது என்று இன்னும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வீட்டில் மகனைக் கேட்டேன். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான்: "பட்டறையில நீ கத்துறதக் கேக்கறேன். வூட்டுல கேக்கறேன். ஞாயித்துக்கெழமையும் கேக்கணுமாப்பா?" மருமகள் அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டாள், சிரிப்புச் சத்தம் கேட்காமல் இருக்க.

தூத்துக்குடிப் பெண் மேனேஜரானாள். சூப்பர்வைசர்களிடம் பேச நான் போனேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. நானாகத்தான் போனேன். கேட் கேட்டாக நின்றேன். எந்த கேட்டிலும் என்னைத் திருப்பி அனுப்பவில்லை, அவர்களில் பாதிப் பேருக்கு நான் ஷெட் போட்டுக் கொடுத்தவன். முழு டீமும் எல்லா ஆட்டத்துக்கும் வந்தது. கிருஷ்ணகிரி கோப்பையை வென்றோம்.

மறுநாள் மைதான வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ். நடுவில் கோப்பையோடு அவள், சுற்றிலும் ஆட்டக்காரர்கள், கீழே ரசிகர்கள், போண்டா போட்டுக் கொடுத்தவர் கூட ஓரத்தில் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். என் படம் இல்லை. அதைக்கூட விட்டுவிடுவேன். மேலே கொட்டை எழுத்தில் ஒரு வரி: 'ரசிகர்களால் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மேனேஜர்.' எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு கிளப் செக்ரட்டரியைப் பிடித்தேன்.

"ஏகமனதான்னா என்னப்பா?"

"எல்லாரும் ஒரே மனசா எடுத்தோம்னு அர்த்தம், மாமா."

"ஒரே மனசா? துண்டப் புடிச்சது நானு. உனக்கு எப்புடித் தெரியும்?"

அவன் தலையைச் சொறிந்தான். "சும்மா ஒரு கெத்துக்குப் போட்டதுதான். வுடு மாமா."

விடமாட்டேன். ஊரறிய எழுதிக் கேட்கிறேன். அந்த 'ஏகமனதாக' என்பதை எடுங்கள். ஒரு விரல் மாஸ்டருக்கு விழுந்தது, ஒரு முழுக் கை எனக்கு விழுந்தது. எந்தக் காரணத்துக்காக விழுந்தாலும் கை கைதான். அந்த இடத்தில் என் பெயரைப் போடுங்கள். மைதானம் கொடுத்தவர் என்று வேண்டாம், அது எல்லோருக்கும் தெரியும். துண்டு பிடித்தவர் என்று போடுங்கள். அன்று அந்தக் கொட்டகையில் பொய் சொல்ல முடிந்த ஒரே ஆள் இவர், சொல்லவில்லை என்று போடுங்கள். அவள் மேனேஜரானது உங்கள் விரலால் மட்டும் இல்லை, என் வாயாலும்தான். ஃப்ளெக்ஸில் இடமில்லை என்றால் சொல்லிவிடுங்கள். தகட்டில் வெட்டி கோல் கம்பத்தில் நானே பற்றவைத்துக்கொள்கிறேன். கம்பம் என்னுடையது.