பல்லேபொல கிணறும் மெக்னீசியத்தின் இரண்டு கோடுகளும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை 9.40க்கு, ஆய்வுக்கூட அங்கியைக்கூடக் கழற்றாமல் கண்டியில் பஸ் ஏறினேன். முந்தின நாள் நான் சொன்ன ஒரு வார்த்தையைத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது.

பல்லேபொலயில் பரீதா வீட்டுக் கிணற்று நீரைச் செவ்வாய்க்கிழமை நான்தான் எடுத்து வந்தேன். பக்கத்துக் காணியில் முன்பு பழைய பற்றரி உடைத்தார்களாம். தண்ணீரில் ஈயம் இருக்குமோ என்ற பயம் அவருக்கு. கைக்குழந்தை வேறு. வெள்ளிக்கிழமை ஈயம் எல்லைக்குள் என்று வந்ததும், குடிக்கலாம் என்று போனில் சொல்லிவிட்டேன். எனக்கு எப்போதும் அவசரம்தான்.

சனி காலை அறிக்கை எழுதும்போதுதான் அதைப் பார்த்தேன். எங்கள் கருவி நீரை ஆர்கன் பிளாஸ்மா என்ற மிகச் சூடான வாயுச் சுடரில் எரித்து, வரும் ஒளியை அளக்கும். பிளாஸ்மா போதிய பலத்தோடு எரிகிறதா என்பது, மெக்னீசியத்தின் இரண்டு ஒளிக்கோடுகளில் அயனிக் கோட்டின் அளவை அணுக் கோட்டின் அளவால் வகுத்துப் பார்த்தால் தெரியும். எட்டுக்கு மேல் என்றால் நிம்மதி. மற்ற மாதிரிகளில் பத்து, பரீதாவின் நீரில் மட்டும் ஐந்து. பிளாஸ்மா அப்படித் தளர்ந்தால் ஈயம் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். போன் எடுத்தேன், அவருடையது அணைந்திருந்தது.

கண்டியிலிருந்து மாத்தளை 25 கிலோமீற்றர். அன்று ஒன்றேகால் மணி நேரம் எடுத்தது. அங்கிருந்து பல்லேபொல சுமார் 18 கிலோமீற்றர். பஸ் நிரம்பும்வரை டிரைவர் அசையவில்லை. கொஞ்சம் அவசரம் என்றேன். எல்லோருக்கும் அப்படித்தான் என்றார். கடைசி மூன்று கிலோமீற்றருக்கு முச்சக்கரவண்டி, நானூறு ரூபாய். பேரம் பேசவில்லை.

பரீதா குழந்தையின் பால்போத்தலோடு வாசலில் நின்றார். கருவியில் பார்க்க வேண்டிய இரண்டு கோடுகளை நான் பார்க்கவில்லை, சொன்னது பிழையாக இருக்கலாம், அந்தத் தண்ணீர் வேண்டாம் என்றேன். போத்தலைப் பார்த்தார்.

"இவ்வளவு நாளும் பள்ளிவாசல் பைப்புல தூக்கிட்டு வந்தேன் மிஸ். நீங்க சொன்ன பொறகுதான் நேத்துல இருந்து இத குடுக்குறேன்."

எனக்கு அழுகை வந்தது. கிணற்றில் என்ன போட்டீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"நீங்க வாறீங்கன்னுதான் தண்ணிய எறச்சி, உப்புக்கட்டி போட்டு சுத்தம் பண்ணி வச்சோம். நீங்க போன பொறகு ரெண்டு தரம் எறச்சிட்டோம்."

விருந்தாளிக்கு வீடு கூட்டுவதுபோல என் வருகைக்குக் கிணற்றைக் கழுவியிருக்கிறார்கள். பிளாஸ்மாவைத் தளர்த்தியது அந்த உப்புதான். கேட்டிருக்க வேண்டியவள் நான். புதிதாக ஒரு போத்தல் நீர் எடுத்துக்கொண்டு, 2.15 பஸ்ஸில் திரும்பினேன்.

இந்தப் பக்கம் போகிறவர்கள் காலை எட்டுக்கு முன் மாத்தளை பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள். கிணற்று நீரைச் சோதிக்கக் கொடுப்பவர்கள், தயவுசெய்து கிணற்றை அழுக்காகவே விடுங்கள்.

திங்கட்கிழமை பரீதாவை அழைத்தேன். ஈயம் எல்லைக்கு மேல், இனி அந்தக் கிணற்று நீரைக் குடிக்க வேண்டாம் என்றேன்.

"இந்தத் தடவ அந்த ரெண்டு கோட்டையும் பாத்தீங்களா மிஸ்?"

பார்த்தேன், பத்து என்றேன். குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்று போனை வைத்தார்.